தடைக்காலத்தில் வராத இளைப்பு

அன்புள்ள அக்கா,

பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அம்மா 9 வருடமாக நண்டு கம்பெனியில் சதை எடுக்கிறார். 2 வருடமாக இளைப்பு. வாடைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். ஆனால் ஆவணியிலும் மூச்சு முட்டுகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறார். அலர்ஜி என்றால், வீட்டில் நண்டு சாப்பிட்டு ஒன்றும் ஆவதில்லையே? வேலையை விடச் சொல்லட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு போகாது. நண்டு வரத்து குறைந்து அம்மா வீட்டில் இருக்கிறார், நன்றாகத் தூங்குகிறார். ஆவணியில் ஏது வாடை? டாக்டரிடம் இதையும் அம்மாவின் வேலையையும் முதலில் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

நண்டை அவிக்கும்போது ஆவியோடு அதன் புரதமும் காற்றில் ஏறுகிறது. அதில் முக்கியமானது டிரோபோமயோசின். கொதித்தாலும் அழியாது. நாள்பட அதை மூச்சில் இழுக்கிறவர்களில் சிலருக்கு உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் முதலில் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, பிறகுதான் நெஞ்சு. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதவருக்கும் ஆவி பட்டு இளைப்பு வரலாம். கனடாவின் நண்டு ஆலைத் தொழிலாளர்களிடம் 1980களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சாப்பிட்டு எப்போதாவது உதடு வீங்கினால், தடிப்பு வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் வேலைக்கு அனுப்பவே வேண்டாம். இல்லையென்றால், டாக்டரைப் பார்க்கும் முன் வேலையை விட வேண்டாம். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஊதிப் பார்க்கும் சின்னக் கருவி இருக்கிறது. டாக்டர் சொன்னால், வேலை நாளிலும் லீவு நாளிலும் தினம் நாலு தடவை ஊதி, சில வாரம் நோட்டில் எழுதுங்கள். வேலையை விட்டு உடம்பு தேறிய பிறகு ஊதினால், வேலையால் வந்ததென்று காட்டுவது கஷ்டம்.

அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. என் சின்னம்மா தொண்டியில் இறால் உரித்தார். சளி, சளி என்றே மருந்து கொடுத்தார்கள், நாங்களும் நம்பினோம். வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் மருந்தை மூச்சில் இழுக்கும் பம்ப் இல்லாமல் அவரால் படியேற முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சேலைத் தலைப்பை மூக்கில் கட்டினால் இது நிற்காது. அவிக்கும் இடத்தைத் தனியாக அடைத்து, ஆவியை வெளியே இழுக்கும் ஃபேன் போடுவது கம்பெனியின் பொறுப்பு. அம்மாவை அந்தப் பக்கமே வராத வேலைக்கு மாற்றக் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். கூட உட்கார்ந்து சதை எடுப்பவர்களில் யாருக்கெல்லாம் மூக்கொழுகுகிறது, யாருக்கெல்லாம் ராத்திரி இருமல் என்று அம்மாவை விசாரிக்கச் சொல்லுங்கள். நாலு பேராவது இருப்பார்கள். சேர்ந்து போகட்டும்.

நோட்டு எழுதியதும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா