ஸ்பான்சர் பணத்தை என் ஜிபேயில் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். 24 பேர் சேர்ந்து மாணவர்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டுகிறோம், கணக்கு வழக்கு என் பொறுப்பு. ஒரு பம்பு கம்பெனி 2 லட்சம் தருவதாகச் சொல்லி, சிஎஸ்ஆரில் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) காட்ட வேண்டும், 80ஜி ரசீதும் (நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் ரசீது) வேண்டும் என்கிறது. கல்லூரி ஆபீஸில் தினமும் 'நாளைக்கு வா' என்கிறார்கள். ஒருவர் தனக்குத் தெரிந்த டிரஸ்ட் மூலம் ரசீது போட்டுத் தருகிறேன், 12 சதவீதம் போதும் என்கிறார். இதுவரை ஜிபேயில் வந்த 1.40 லட்சம் என் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் சீனியர்களும் அனுப்பத் தயார். எதை எப்படி வாங்குவது?

ஆடிட்டர் பதில்: தம்பி, முதல் வேலையாக அந்த 12 சதவீத ஆளின் நம்பரை போனிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

பம்பு கம்பெனி கேட்கிற இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது, அவர்களுக்கும் பெரிய லாபம் இல்லை. நம் ஊரில் சிஎஸ்ஆர் என்பது நன்கொடைக்கு ஸ்டைலான பெயர் என்று ஆகிவிட்டது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றையாவது தொட்ட கம்பெனிக்குத்தான் சட்டப்படி அந்தக் கடமையே வரும். தொட்டிருந்தாலும், தன் பொருளுக்கு விளம்பரம் கிடைக்கிற மாதிரி ஸ்பான்சர் செய்வது சிஎஸ்ஆர் ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது. காரின் பக்கவாட்டில் அவர்கள் லோகோ வருமா? வரும். லோகோ இல்லை என்றால் பணம் தருவார்களா? அவ்வளவுதான் விஷயம்.

80ஜியில் பொதுவாக நன்கொடையில் பாதிக்குத்தான் வரிக் கழிவு. 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுத்த கம்பெனி என்றால் அந்தப் பாதியும் கிடையாது. அதே 2 லட்சத்தை விளம்பரச் செலவு என்று எழுதினால் முழுத் தொகையும் தொழில் செலவு. எனவே முதலாளியிடம் மல்லுக்கட்டாமல் அவருடைய ஆடிட்டரிடம் போய், 'சார், இது ஸ்பான்சர்ஷிப், கல்லூரி டிரஸ்ட் பெயரில் லெட்டர் தருகிறோம், விளம்பரச் செலவில் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. விளம்பர இடம் கொடுப்பது டிரஸ்ட் என்பதால் ரிவர்ஸ் சார்ஜில், அதாவது சேவையைப் பெறுபவரே வரி கட்டும் முறையில், கம்பெனிதான் கட்ட வேண்டும், 2 லட்சத்துக்கு 36,000. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கடைசி நேரத்தில் அதை உங்கள் 2 லட்சத்திலேயே கழிப்பார்கள்.

இப்போது அந்த இடைத்தரகர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு டீம் இப்படி மாட்டிக்கொண்டுதான் என்னிடம் வருகிறது. இவர் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வருவார், உள்ளே 12ஏ (டிரஸ்டுக்கான வரிவிலக்குப் பதிவு), 80ஜி சான்றிதழ்களின் ஜெராக்ஸ், ஒரு ரசீது புத்தகம். அந்தப் புத்தகத்தை வைத்து எந்தக் கழிவும் வாங்க முடியாது. டிரஸ்ட் மே 31க்குள் நன்கொடை விவரங்களை வருமான வரித் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து நன்கொடைச் சான்றிதழை எடுத்துத் தர வேண்டும், அதுதான் செல்லும். ஜூனில் கம்பெனி அதைக் கேட்கும்போது இவர் போனை எடுக்க மாட்டார், கம்பெனிக்காரர் உங்கள் ஹெச்ஓடிக்குப் போன் செய்வார். இன்னொரு வகை உண்டு: கம்பெனி 5 லட்சத்துக்குச் செக் கொடுக்கும், 3 லட்சம் ரொக்கமாக முதலாளிக்கே திரும்பிப் போகும், உங்களுக்கு ஒன்றரை, மீதி இவருக்கு. நாளைக்கு விசாரணை வந்தால் அந்த டிரஸ்டின் ஃபைலில் எதற்காகச் செலவு என்று ஒட்டியிருப்பது உங்கள் கார் போட்டோதான். 'பிராசசிங் ஃபீஸ் 15,000 முன்பணம்' என்றாலும் ஓடுங்கள். 'பசங்க அக்கவுண்டில் ஆளுக்கு 50,000 போடறேன், எடுத்துக் கொடுங்க' என்றால் இன்னும் வேகமாக ஓடுங்கள், அடுத்தவர் மோசடிப் பணத்தைக் கடத்த நம் கணக்கைக் கொடுக்கிற அதற்கு மியூல் அக்கவுண்ட் என்று பெயர், அது போலீஸ் கேஸ்.

உங்கள் சேமிப்புக் கணக்கையும் இன்றோடு நிறுத்துங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் 50,000க்கு மேல் வந்தால் மொத்தத் தொகையுமே உங்கள் வருமானம் என்றுதான் சட்டம் பார்க்கும். வரி வராமல் போகலாம், ஆனால் அது டீம் பணம் என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில். அதைவிடப் பெரிய தொல்லை முடக்கம். என்னிடம் வந்த ஒரு பையன், கல்லூரி வாசல் கடையில் 12 ரூபாய் டீக்கு ஸ்கேன் செய்தபோதுதான் கணக்கு முடங்கியதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாரோ அனுப்பிய 500 ரூபாய் வேறு மாநிலத்து ஆன்லைன் மோசடிப் பணத்தின் வால். சங்கிலியில் வந்த கணக்கையெல்லாம் அந்த ஊர் சைபர் போலீஸ் பிடித்து வைத்துவிட்டது. 500 ரூபாய்க்காக 90,000 நின்றது, செமஸ்டர் ஃபீஸையும் சேர்த்து. பேங்கில் கேட்டால் போலீஸைப் பார் என்றார்கள், போலீஸ் மெயிலுக்குப் பதில் போடவில்லை. படிக்கிற பையன் லீவு போட்டு ரயில் ஏறினால்தான் வேலை நடக்கும் என்று ஒரு அமைப்பு வைத்திருக்கிறோம், என்ன சொல்வது.

எனவே யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஸ்டேட்மெண்டில் டிக் அடித்து ஒரு பட்டியல் எடுங்கள். 1.40 லட்சத்தையும் ஒரே தடவையில் கல்லூரிக் கணக்குக்கு மாற்றி, ஃபேகல்டி அட்வைசர் கையெழுத்தோடு ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். ஆபீஸ் நாளைக்கு வா என்பது எனக்கும் தெரியும்: ஹெச்ஓடி, பிரின்சிபால், கரஸ்பாண்டென்ட் என்று நோட் ஷீட் சுற்றிவிட்டு வரும், மூன்று கொட்டேஷன் கேட்பார்கள், அதற்குள் நீங்கள் பார்த்து வைத்த செகண்ட்ஹேண்ட் கேடிஎம் 390 இன்ஜினை வேறு டீம் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஒரு குறுக்கு வழி உண்டு, நேர்மையானதுதான். பில் கல்லூரி பெயரில் இருக்கட்டும், பணத்தை ஸ்பான்சர் நேராகக் கடைக்கே கட்டட்டும், 'இந்த பில்லை எங்கள் ஸ்பான்சர்ஷிப் கணக்கில் கட்டுகிறோம்' என்று ஒரு வரிக் கடிதம் கொடுக்கட்டும். பிரின்சிபாலிடம் ஒரே தடவை அனுமதி வாங்கினால் போதும்.

அமெரிக்க சீனியர்கள் விஷயத்தில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில் தனிக் கணக்கு வேண்டும், உங்கள் கல்லூரி டிரஸ்டுக்கு அது இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தியக் குடிமகன் எங்கே இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. முதலில் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட். ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறாரா, சரி. கிரீன் கார்டா, அதுவும் சரி, இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் கையில் இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாரா, முடியாது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருக்கிறதே என்பார், அப்போதும் முடியாது. ஊருக்கு வரும்போது ரூபாயிலேயே தருகிறேன் என்பார், அதுவும் வெளிநாட்டுப் பணம்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'அண்ணா, இது உங்க பணம் மட்டும்தானே?' ஐந்து பேரிடம் வசூலித்து ஒருவர் அனுப்பினாலோ, அவர் போட்ட தொகைக்குச் சமமாக அவருடைய அமெரிக்கக் கம்பெனியும் போடுகிறேன் என்றாலோ வாங்காதீர்கள். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலும், சொந்தப் பணம் என்று ஒரு மெயிலும் ஃபைலில் இருக்கட்டும். குடியுரிமை மாறிய சீனியர் டிசைன் ரிப்போர்ட்டைத் திருத்தித் தரட்டும், அதற்கு எந்த உள்துறை அனுமதியும் வேண்டாம்.

தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய கவுன்சிலான ஏஐசிடிஇயின் ஸ்பைசஸ் திட்டத்தில் மாணவர் கிளப்புக்கு 1 லட்சம் வரை உண்டு, கல்லூரிதான் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், ஆனால் அதை நம்பி எதற்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, கோவையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பணமாகவே ஏன் கேட்கிறீர்கள்? கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் லேசர் கட்டிங், சிஎன்சி, பவுடர் கோட்டிங் எல்லாம் இருக்கிறது. 20,000 கேட்டால் யோசிக்கிற ஓனர், டிராயிங்கைக் கையில் கொடுத்து 'அண்ணா, வெட்டி மீந்த தகட்டில் இந்த 40 பிளேட்டும் வருமா?' என்று கேட்டால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிராயிங்கில் தப்பு கண்டுபிடிக்க ஆரம்பிப்பார், மிஷின் சும்மா இருக்கிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வார். ரசீது கேட்க மாட்டார். கார் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும்போது அவர் கடை ஸ்டிக்கரைப் பம்பு கம்பெனி லோகோவுக்குக் கீழே ஒட்டுங்கள், ஒட்டியதும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.