இறங்க மறுக்கும் தந்தி – கடிதம்

அன்புள்ள சார்,

ஆறு மாதமாக வீடியோ பார்த்துக் கிட்டார் பழகுகிறேன். பத்துப் பன்னிரண்டு கார்ட் பிடிக்க வரும். தியரி படித்தால் உள்ளுணர்வு போய்விடும் என்கிறான் நண்பன். ஸ்டாஃப் நொட்டேஷன் கட்டாயமா? எந்த ஸ்கேலில் தொடங்குவது? சி மைனர் கார்ட் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஐந்து கோட்டில் ஸ்வரங்களை எழுதும் அந்த நொட்டேஷன் இப்போது வேண்டாம். நண்பர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஸ்வரத்தின் பெயர் தெரிந்ததால் யாருடைய காதும் கெட்டதில்லை.

சி மைனருக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்; அதை வெறும் விரல் வடிவமாக மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்துக் கொஞ்ச நாளாகவே பொருமிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு கார்ட் பிடிப்பீர்கள், சரி. அதில் ஒன்றிலாவது எந்தத் தந்தியில் என்ன ஸ்வரம் ஒலிக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஆறு மாதம் எதற்கு, ஒரு மாலை போதுமே!

இ மேஜர் பிடியுங்கள். தடித்த தந்தியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டுங்கள். வரும் ஸ்வரங்கள் இ, பி, இ, ஜி ஷார்ப், பி, இ. மூன்று இ, இரண்டு பி, ஒரே ஒரு ஜி ஷார்ப். அது மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால் மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் பதித்த கம்பிகள் பிரிக்கும் முதல் கட்டத்தில், உங்கள் ஆள்காட்டி விரலுக்கடியில் இருக்கிறது. விரலை எடுங்கள். ஜி. மற்ற ஐந்து தந்தியும் அப்படியே இருக்க, கார்ட் மைனராகிவிட்டது. இ-யிலிருந்து நான்கு ஃப்ரெட் தள்ளியிருந்த ஸ்வரம் மூன்று ஃப்ரெட்டுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். பாட்டின் முகமே மாறிவிடுகிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, அந்த விரலை வைத்தும் எடுத்தும் வாசிப்பார். மேஜரா மைனரா என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த ஒற்றை ஸ்வரத்தைப் பாடிக் காட்ட வேண்டும். பாடும்வரை கிட்டார் என் கைக்கு வராது. அப்போது எரிச்சலாக இருக்கும். இன்று எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் காது முதலில் தேடிப்போவது அந்த ஸ்வரத்தைத்தான். கார்டின் பெயரில் உள்ள ஸ்வரத்தை ஒன்று என்று வைத்து ஸ்கேலில் எண்ணினால் மூன்றாவதாக வருவதால் அது மூன்றாம் ஸ்வரம்.

ஏ மேஜரில் அது இரண்டாம் தந்தியில் இருக்கும் சி ஷார்ப். டி மேஜரில் முதல் தந்தியில் இருக்கும் எஃப் ஷார்ப். ஒரு ஃப்ரெட் இறக்கினால் இரண்டும் மைனர். தினமும் இதைத்தான் செய்கிறீர்கள், பெயர் தெரியாமல்.

இப்போது சி மேஜருக்கு வாருங்கள். அதன் மூன்றாம் ஸ்வரம் இ. நீங்கள் பிடிக்கும் வடிவத்தில் அது இரண்டு இடத்தில் ஒலிக்கிறது: நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், எங்கும் அழுத்தாமல் விட்ட முதல் தந்தியிலும். முன்னதை ஒரு ஃப்ரெட் இறக்கலாம். பின்னதை எங்கே இறக்குவீர்கள்? அதற்குக் கீழே ஃப்ரெட்டே இல்லை. அதனால்தான் மூன்றாம் ஃப்ரெட்டில் பாரே, அதாவது ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல தந்திகளை அழுத்தும் பிடி, போடச் சொல்கிறார்கள். நீங்களோ உங்கள் விரல்களைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பாவம், அவை என்ன செய்யும்? வடிவத்தைக் காட்டியவர் இந்தக் காரணத்தையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அடுத்து ஜி மேஜரை ஜி மைனராக்கிப் பாருங்கள். அதன் மூன்றாம் ஸ்வரமான பி எந்தெந்தத் தந்தியில் ஒலிக்கிறது, அதில் எது இறங்க மறுக்கிறது என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். வீடியோவைத் திறக்கக் கூடாது.