காட்டு மண் கறுப்பாக இருந்தால் வளமான மண்ணா?

கேள்வி: இரத்தினபுரிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது, அவர்களுடைய காணியின் பின்புற மலைச்சரிவில் மண் கறுப்பாக, பொலபொலவென்று கிடந்தது. மூன்று உரப்பைகளில் கொண்டுவந்து அன்தூரியத்துக்கும் மிளகுக் கொடிக்கும் சாடியில் போட்டேன். இரண்டு மாதம் நன்றாக நின்றன. இப்போது இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. மண்ணும் இறுகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே தேங்கி நிற்கிறது. யூரியா போட்டும் மாற்றமில்லை. என்ன குறை? (யாழ்ப்பாணம், கோண்டாவில் வாசகி)

பதில்: முதலில் யூரியாவை நிறுத்துங்கள். அது தருவது நைதரசன். நைதரசன் குறைந்தால் முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். இத்தனைக்கும் நீங்கள் கொண்டுவந்த மண்ணில் இரும்பு நிறைய இருக்கிறது. செடியால் அதை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று விளங்க, அந்த மண் எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும்.

கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேல் பருவக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. யாழ்ப்பாணத்தில் 1,300 அளவுதான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு முடிந்துவிடும். இரத்தினபுரியில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை பாறையைச் சிதைத்து, அதிலிருந்து வெளிவரும் கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளும், சத்தைப் பிடித்துவைக்கும் வலுக் குறைந்த களியும். அதனால்தான் அந்த மண் செம்மஞ்சளாகவும் புளிப்பாகவும் இருக்கிறது. அதன் பீஎச் (புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு, 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்கும். பொசுபரசையோ இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் காடு எப்படி அவ்வளவு செழிக்கிறது? ஒரு கைப்பிடி மண்ணை அங்கேயே தோண்டிப் பார்த்தால் தெரியும். மேலே சருகு. அதன் கீழே பாதி உக்கிய இலைகளுக்குள் வெள்ளை நூல்போலப் பூஞ்சண இழைகள் ஓடும். அதற்கும் கீழே மயிர்போன்ற வேர்கள் பாய் பின்னினாற்போலக் கிடக்கும். இந்தக் கறுப்புப் படை பல இடங்களில் ஐந்து பத்து சென்ரிமீற்றர்தான். அதற்கு அடியில் விரலில் ஒட்டி வழுக்கும் மஞ்சள் களி வந்துவிடும். இலை விழுந்து உக்கி, அதிலிருந்து வெளிவரும் சத்து களிக்கு இறங்குமுன்னே வேரும் பூஞ்சணமும் அதைப் பிடித்து மரத்துக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. கடற்காற்றும் மழையோடு கொஞ்சம் மக்னீசியம், சோடியம், கந்தகம் கொண்டுவந்து சேர்க்கிறது. காட்டின் சொத்தில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும்தான் இருக்கிறது. நீங்கள் மூன்று உரப்பை மண்ணை அள்ளியபோது அந்தச் சுழற்சி அங்கேயே நின்றுவிட்டது. கறுப்பு நிறம் மட்டும் கூட வந்தது.

உயரம் கூடக் கூட இந்தப் படை தடிக்கும். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைகிறது. குளிரில் உக்குவது மெதுவாகும், சருகு சேர்ந்துகொண்டே போகும். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையின் மேற்சரிவிலும் ஹோட்டன் சமவெளியிலும் மண் அத்தனை கறுப்பாக இருப்பது இதனால்தான். அந்தக் கறுப்பைப் பார்த்து உரச்சத்தை அளவிடக் கூடாது.

சரிவும் ஒரு காரியம் செய்கிறது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தாலும் அந்தக் காட்டில் தண்ணீர் தேங்காது. செத்த வேர்கள் விட்டுப்போன துளைகள், மண்புழு வழிகள், பூஞ்சண இழை கட்டிவைத்த மண்ணுருண்டைகளின் இடைவெளிகள் ஊடாக நீர் உள்ளே இறங்கி, சரிவோடு பக்கவாட்டில் வழிந்துவிடும். மண்வெட்டி பட்டதும் அந்த வழிகள் அறுந்துவிடுகின்றன. சாடியில் சரிவும் இல்லை, உருண்டைகளைக் கட்டிவைக்கப் புதுச் சருகும் இல்லை. யாழ்ப்பாண வெயிலில் உக்கல் வேகமாகக் கரைந்துபோக, களி மட்டும் மிஞ்சி இறுகுகிறது. உங்கள் கிணறு கொஞ்சம் உவர் என்றால் அதிலுள்ள சோடியம் களியைக் கலைத்து இந்த இறுக்கத்தை இன்னும் கூட்டும்.

இனி இலை வெளிறுவதற்கு வருவோம். நமது நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பாருங்கள், அதுதான் ஒவ்வொரு முறையும் உங்கள் சாடிக்குள் போகிறது. நீரில் கரைந்திருக்கும் பைகாபனேற்று புளித்த மண்ணை மெல்ல மெல்லக் காரமாக்குகிறது. பீஎச் 5 இலிருந்து 8க்குப் போனால் மூன்று படி என்று தோன்றும், ஆனால் அமிலத்தன்மை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்த நிலையில் இரும்பு கரையாது. இரண்டு மாதம் நன்றாக நின்றதற்கும் இதே விளக்கம்தான்: அதுவரை மண்ணில் மிஞ்சியிருந்த புளிப்பு தாக்குப்பிடித்தது.

பலர் வினாகிரியைக் கலந்து ஊற்றச் சொல்வார்கள். அது சில நாளைக்குத்தான் பலன் தரும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்றதும் பைகாபனேற்று திரும்ப வந்துவிடும். மண்ணைப் புளிப்பாக்கக் கந்தகத் தூள் போடச் சொல்வோரும் உண்டு. அதைப் போடுமுன் உலர்ந்த மண்ணில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. ஒரு கிலோ சுண்ணாம்பைத் தீர்க்க ஏறத்தாழ 320 கிராம் கந்தகம் வேண்டும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 20 சென்ரிமீற்றர் ஆழ மண் சுமார் 260 கிலோ. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்றாலும் 800 கிராமுக்கு மேல் கந்தகம் கேட்கும். அப்படிச் செலவழிப்பதில் பயனில்லை.

பலன் தருவது மழைநீர். பத்துச் சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர் கிடைக்கும். கார்த்திகையில் இரண்டு பெரிய பீப்பாய்களை நிரப்பி, நுளம்பு புகாமல் மூடிவைத்தால் அன்தூரியச் சாடிகளுக்கு நெடுநாள் வரும். முதல் மழையில் கூரைத் தூசி வரும், அதைச் சேர்க்க வேண்டாம்.

அன்தூரியத்தைச் சாடியிலிருந்து எடுத்து, வேரிலுள்ள களியை மழைநீரில் அலசி, கறுத்து நசிந்த வேர்களை வெட்டிவிடுங்கள். அதற்கு மண்ணே தேவையில்லை. தென்னந்தும்புத் துண்டு இரண்டு பங்கு, உடைந்த ஓட்டுத் துண்டு ஒரு பங்கு, மரக்கரி ஒரு பங்கு, உக்கிய இலை ஒரு பங்கு போதும். தும்பில் உப்பு இருக்கும். ஒரு நாள் ஊறவிட்டு வடிப்பதை மூன்று முறை செய்த பிறகே பாவியுங்கள். மிளகுக்கு, வினாகிரி விட்டால் நுரைக்காத மேற்செம்மண் இரண்டு பங்கு, உக்கிய இலை இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, பழைய மாட்டெரு ஒரு பங்கு.

உக்கிய இலையை வீட்டிலேயே செய்யலாம். குழை தாழ்த்து, அதாவது பச்சை இலைகளை மண்ணில் புதைத்து உரமாக்கி, பழகிய ஊருக்கு இது புதிதல்ல. ஒரு மீற்றர் நீள அகல உயரத்தில் கம்பிவலைக் கூடு ஒன்று நிழலில் நிறுத்துங்கள். மா, பலா, பூவரசு, கிளிசரியா இலைகளை 15 சென்ரிமீற்றர் படையாக இட்டு, ஒவ்வொரு படைக்கும் ஒரு பிடி எருவைத் தூவி நனையுங்கள். பனையோலை உக்க நெடுநாள் எடுக்கும், இதில் வேண்டாம். சாம்பல் போடவே கூடாது, அது காரம். மாதம் ஒருமுறை புரட்டுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி விழ வேண்டும். ஒழுகினால் புளித்து நாறும், துளியே இல்லையென்றால் உக்குவது நின்றுவிடும். ஈரம் விடாமல் காத்தால் நாலைந்து மாதத்தில் மண் வாசம் வரும், குவியலும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். புரட்டாசியில் தொடங்கினால் நனைக்கிற வேலையை மாரி பார்த்துக்கொள்ளும்.

பழைய சாடி மண்ணை மிளகுக்கு அருகே கொட்டாதீர்கள். இரத்தினபுரி போன்ற ஈரவலயத்து மண்ணோடு மிளகின் அடியழுகல் பூஞ்சணமும் வேரைத் தாக்கும் வட்டப்புழுவும் வரக்கூடும். வெயிலில் மெல்லிதாகப் பரப்பி நன்றாகக் காயவிட்டு, பாதிக்குப் பாதி எருவோடு கலந்து செவ்வரத்தை, குரோட்டன் போன்றவற்றின் அடியில் இடுங்கள். இன்னொரு முறை அங்கே போனால் மண் அள்ள வேண்டாம். ஒதுக்கக் காட்டில் அனுமதியின்றி மண் எடுப்பது குற்றம். தனியார் காணியாக இருந்தாலும், வேர்ப்பாயைக் கிழித்த இடத்தில் அடுத்த பெருமழை களியை அரித்துக்கொண்டு இறங்கும். அந்தப் படை மீண்டும் சேர நெடுங்காலம் எடுக்கும்.

மாற்றி நட்ட பிறகு, நீரில் கரையும் இரும்பு உப்பான பெரசு சல்பேற்று இரண்டு கிராமை ஒரு லீற்றர் மழைநீரில் கரைத்து, மாலையில் ஓர் இலைக்கு மட்டும் தெளித்துப் பாருங்கள். இரண்டு நாளில் கருகல் இல்லையென்றால் மற்ற இலைகளுக்கும் தெளித்து, பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை செய்யலாம். வெளிறிய இலை முழுவதும் பச்சையாகத் திரும்பாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அடுத்து விரியும் இலையின் நிறத்தைக் கவனியுங்கள். அது நரம்புக்கு நடுவிலும் பச்சையாக வந்தால் வேர் பிடித்துவிட்டது.