மீன் தொட்டி: அடியில் என்ன போடலாம்?

கேள்வி: புதிதாக இரண்டடி நீளத் தொட்டி வாங்கியிருக்கிறேன். அடியில் மணல் போடுவதா, சரளைக்கல்லா? கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது பராமரிக்க எளிது?

பதில்: எந்த மீன் வளர்க்கப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. தொட்டி வாங்கி, கல் வாங்கி, செடி வாங்கி, கடைசியில்தான் பலரும் மீன் தேடுகிறார்கள். முதலில் மீனை முடிவு செய்யுங்கள். அடித்தளம் அழகுக்குப் போடுவது என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. சில மீன்களுக்கு அதுதான் வயல், அதுதான் படுக்கை.

கோரிடோராஸ் என்னும் சிறிய கெளுத்தி மீன் மணலில் இரை தேடுவதை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கண் வரைக்கும் முகத்தை மணலுக்குள் விடும். ஒரு வாய் அள்ளும். உள்ளேயே சலித்து, தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாக இரண்டு பக்கமும் மெல்லிய இழையாக வெளியே விடும். விட்டால் நாள் முழுக்க இதே வேலைதான். சரளையில் இது நடக்காது. இரை கல் இடுக்கில் இறங்கிவிடும். மீனால் எட்ட முடியாது, அது அங்கேயே அழுகும். கூர்முனைக் கல்லும் அழுக்கேறிய அடியும் சேர்ந்தால் அதன் மீசை தேய்ந்துபோகும். கூலி லோச் போன்ற புதைந்து வாழும் மீன்களுக்கும் மணல்தான். உடல் முழுவதும் உள்ளே நுழைய இடம் வேண்டும். இப்படிப்பட்ட மீன் வளர்ப்பதாக இருந்தால் மணலைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

கோல்டு ஃபிஷ் கல்லை வாயில் போட்டு உருட்டித் துப்பும். வாயளவுக்குச் சரியாக இருக்கும் கல் உள்ளே சிக்கிக்கொள்ளும். அதற்கும் மணல் நல்லது. இல்லையென்றால் வாய்க்குள் போகவே முடியாத பெரிய கூழாங்கல்.

கப்பி, மோலி, டெட்ரா போல மேலேயும் நடுவிலும் நீந்துபவை என்றால் 2 முதல் 4 மில்லிமீட்டர் உருண்டைச் சரளை போதும். சைஃபன் குழாயை உள்ளே குத்தினால் கழிவு மட்டும் மேலே ஏறும், கல் திரும்ப விழும். மணலில் அப்படிக் குத்தக்கூடாது. குழாயை ஒரு விரல் உயரத்தில் பிடித்து மேலே கிடப்பதை மட்டும் உறிஞ்ச வேண்டும். மணலில் கழிவு அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் மணலின் பெரிய நன்மை. தெரிகிற அழுக்கைத்தான் நாம் எடுப்போம்.

ஒன்று கவனியுங்கள்: உங்கள் தொட்டியில் கல்லுக்கு அடியில் வைக்கும் தட்டு ஃபில்டர் இருந்தால் மணல் வேண்டாம், அடைத்துவிடும்.

எவ்வளவு வாங்குவது? நீளம், அகலம், போடப்போகும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60-க்கு 30 தொட்டியில் 5 சென்டிமீட்டர் உயரம் என்றால் 9 லிட்டர். லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ; ஆக 13, 14 கிலோ.

கேள்வி: வீட்டு வேலைக்கு வந்த மணல் மிச்சம் இருக்கிறது. கழுவிப் போடலாமா? கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலும் கொஞ்சம் இருக்கிறது.

பதில்: கடற்கரை மணலை முதலில் ஒதுக்கிவிடுங்கள். உப்பைக் கழுவி எடுக்கலாம்; கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட், அதைக் கழுவ முடியாது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு), கடினத்தன்மை இரண்டையும் ஏற்றும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்கள் வளர்ப்பவர்கள் இதற்காகவே பவள மணல் போடுகிறார்கள். மென்மையான தண்ணீர் கேட்கும் டெட்ராவுக்கு அது ஆகாது.

கட்டுமான மணலில் சிமென்ட் தூள் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். சுத்தமாக இருந்தாலும் முதலில் சோதித்துப் பாருங்கள். நன்றாகக் கழுவி, காயவைத்து, ஒரு பிடி எடுத்துத் தட்டில் பரப்பி அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். ஊற்றியதும் சில பெரிய குமிழிகள் வரும். அது மணலுக்கு நடுவே இருந்த காற்று, வந்த வேகத்தில் நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்புறம் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சில மணிகளிலிருந்து மட்டும் ஊசி முனை அளவுக் குமிழிகள் விடாமல் கிளம்பிக்கொண்டே இருந்தால் அங்கே சுண்ணாம்புப் பொருள் இருக்கிறது. வினிகர் மெல்லிய அமிலம் என்பதால் கொஞ்சமாக இருப்பதை அது காட்டாமல் போகலாம். அதனால் இரண்டு பாட்டில்களில் ஒரே தண்ணீரை எடுத்து, ஒன்றில் மட்டும் மணலைப் போட்டு ஒரு வாரம் வையுங்கள். பிறகு இரண்டிலும் பிஎச், கடினத்தன்மை பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் போடலாம்.

மணலைக் கழுவப் பொறுமை வேண்டும். வாளியில் பாதிக்கும் குறைவாகப் போட்டு, கையால் அடிவரை கிளறி, கலங்கல் நீரைச் சாய்த்துக் கொட்டுங்கள். கிளறியபின்னும் தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சோப்பு, டிடர்ஜென்ட் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: செடி வளர்க்க அக்வா சாயில் (செடித் தொட்டிக்கென்றே விற்கும் மண் உருண்டைகள்) இல்லாமல் முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். எந்தச் செடி என்று பாருங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் கட்டையிலோ கல்லிலோ ஒட்டி வளர்பவை. அவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால்தான் அழுகும். அமேசான் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா போன்றவை வேரால் சாப்பிடுபவை. இவற்றுக்கு 5, 6 சென்டிமீட்டர் பருமணலோ நுண்சரளையோ போட்டு, வேர்ப்பக்கம் உர மாத்திரை புதைத்தால் நன்றாக வரும்.

அக்வா சாயில் நல்ல பொருள்தான், குறை சொல்லவில்லை. தரையில் கம்பளம் போலப் படரும் நுண்ணிய செடிகள் வேண்டுமென்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது சும்மா கிடக்கும் கல் அல்ல. தண்ணீரின் பிஎச்சையும் கார்பனேட் கடினத்தன்மையையும் இறக்கும். பல வகைகள் முதல் சில வாரங்கள் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் கசியவிடும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும் வரை மீன் விடக்கூடாது. உங்கள் குழாய் நீர் கடினமானது என்றால் அந்தப் பிஎச் இறக்கும் சக்தி சீக்கிரமே தீர்ந்துவிடும். கழுவவும் கூடாது, உருண்டைகள் உடைந்து சேறாகும்.

கேள்வி: கண்ணாடியோரம் மணலுக்குள் கறுப்புத் திட்டுகள் தெரிகின்றன. மீன்களுக்கு ஆபத்தா?

பதில்: பயப்படும் அளவுக்கு இல்லை. ஆக்ஸிஜன் எட்டாத இடத்தில் கழிவு மக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. கறுப்புக்கும் அழுகிய முட்டை நாற்றத்துக்கும் அந்தக் கந்தகம்தான் காரணம். கொஞ்சமாகக் கசிந்தால் மேலே உள்ள ஆக்ஸிஜன் அதை மாற்றிவிடும். மீன் உள்ளே இருக்கும்போது மொத்த மணலையும் ஒரே நாளில் புரட்டுவதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் ஒரு மூலையாகக் கறுத்த மணலைச் சைஃபனில் எடுங்கள். செடி இல்லாத இடத்தில் மணல் 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மலேயன் டிரம்பெட் நத்தைகள் மணலுக்குள்ளேயே ஊர்ந்து கிளறிவிடும், அவற்றை விடலாம். இரையை அதிகமாகப் போட்டால் அவை பெருகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மகள் பளீர் நீலக் கல் கேட்கிறாள். போடலாமா?

பதில்: சாயம் போகாத, நன்னீர்த் தொட்டிக்கென்றே விற்கும் கல்லாக இருந்தால் தீங்கில்லை. ஒரு வாரம் ஊறவைத்துத் தண்ணீரில் நிறம் இறங்குகிறதா பாருங்கள். ஆனால் மகளிடம் இதையும் சொல்லுங்கள்: வெளிர் நிறத் தரையில் பல மீன்கள் தங்கள் நிறத்தை மங்கவைத்துக்கொள்ளும். கருந்தரையில்தான் நியான் டெட்ராவின் நீலமும் சிவப்பும் எடுத்துக் காட்டும். நீலம் வேண்டும் என்றால் அதை மீனில் பார்க்கலாமே.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் சரளையை எடுத்துவிட்டு மணல் போட நினைக்கிறேன். மீன்களை என்ன செய்வது?

பதில்: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் ஒட்டியிருக்கிறது, ஃபில்டரிலும் இருக்கிறது. கல்லை எடுக்கும் அந்த மாதம் ஃபில்டரைக் கழுவவே வேண்டாம். மீன்களைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் காற்றுக்கல்லோடு (காற்றுக் குமிழி விடும் கல்) வைத்துவிட்டுச் செய்வது நல்லது; கல்லைக் கிளறும்போது கிளம்பும் அழுக்கு அவற்றின்மேல் படாது. சரளைக்கு மேலேயே மணலைக் கொட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொட்டினால் மணல் மெல்லக் கீழே இறங்கி, சரளை மேலே வந்துவிடும்.

கழுவிய மணலை ஒரு டம்ளரில் அள்ளி, டம்ளரை அடிவரை இறக்கிக் கவிழ்த்தால் கலங்கல் குறையும். அந்த நேரம் ஃபில்டர் நின்றிருக்க வேண்டும், மணல் மோட்டாருக்குள் போனால் அதன் விசிறியைத் தேய்த்துவிடும். மணல் அடங்கியதும், அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து, உறிஞ்சும் வாய் மணலிலிருந்து நன்றாக உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடவிடுங்கள். அதைவிட நெடுநேரம் நிறுத்தி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்கு ஓடும் தண்ணீரின் ஆக்ஸிஜன் வேண்டும். அடுத்த இரண்டு வாரம் இரையைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியா பாருங்கள். ஏறினால் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.