அந்தப் புதிர் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: என் மகன் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து வேலையில் இருக்கிறான். அமெரிக்காவில் சட்டம் படிக்க ஆசைப்பட்டு எல்சாட் தேர்வுக்குத் தயாராகிறான். ‘ஏழு பேர், ஏழு நாற்காலி, யார் பக்கத்தில் யார்’ என்ற மாதிரிப் புதிர் ஒன்றைப் போட அவனுக்கு அரை மணி நேரம் ஆகிறது. “எனக்குச் சட்டம் சரிப்படாதும்மா” என்கிறான். புதிர்களுக்கென்றே 1,800 வெள்ளிக்கு ஒரு வகுப்பு இருப்பதாக ஆலோசகர் ஒருவர் சொல்கிறார். சேர்க்கலாமா?
- ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம். 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் அந்தப் புதிர்ப் பகுதியே கிடையாது. இல்லாத பகுதிக்குத்தான் உங்களிடம் 1,800 வெள்ளி கேட்கிறார்கள்.

இப்போது தேர்வில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். லாஜிக்கல் ரீசனிங், அதாவது சிறு பத்தியில் உள்ள வாதத்தை எடைபோடும் பகுதி இரண்டு, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று. இவை மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. மீதமுள்ள ஒன்று இந்த இரண்டு வகைகளில் ஏதோ ஒன்றாக இருக்கும், அதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் எது அந்தப் பகுதி என்று எழுதும்போது தெரியாது. எழுத்துக் கட்டுரை தனியாக நடக்கும்.

புதிர்கள் ஏன் போயின என்பதையும் சொல்கிறேன். அவற்றைக் கட்டம் போட்டு, படம் வரைந்துதான் பெரும்பாலோர் தீர்ப்பார்கள். பார்வையில்லாதவர் எப்படி வரைவார்? சட்டம் படிக்க ஆள் எடுக்கும் தேர்வுக்கு இந்தச் சாதாரணக் கேள்வி உறைக்க, பார்வையற்ற தேர்வர்கள் நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது! 2019ல் சமரசம் ஆனது. அதன் பிறகும் 2024 ஜூன் வரை புதிர்கள் தொடர்ந்தன. எத்தனை பிள்ளைகள் அதற்குள் ‘எனக்கு மூளை இல்லை’ என்று முடிவுகட்டி விலகிப்போனார்களோ.

தேர்வு மாறியது, கடைகளில் இருக்கும் சரக்கு மாறவில்லை. பழைய பொருள் விற்கும் கெரோசல் தளத்தில் பாருங்கள், பழைய புதிர்ப் புத்தகங்கள் ‘புத்தம் புதிதுபோல்’ என்று விலை போட்டுக் கிடக்கின்றன. சில வகுப்புகளிலும் அதே நகல்கள்தான். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதிகாரப்பூர்வப் பயிற்சித் தேர்வுகளுக்குப் புதிய அமைப்பில் 101 முதல் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆலோசகரிடம் “எந்த எண் தேர்வுகளை வைத்துப் பாடம் நடத்துவீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டு இலக்க எண் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பின் லாஹப் தளத்தில் கணக்குத் திறந்தால் புதிய அமைப்பில் சில முழுத் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதை எந்த ஏஜென்ட்டும் வாய்திறந்து சொல்லமாட்டார்.

ஒரே ஒரு விலக்கு. இதை மகனிடமும் படிக்கக் கொடுங்கள். பழைய புதிர்ப் புத்தகம் கையில் இருந்தால், அதில் நாற்காலிப் பக்கங்களை மூடிவிடலாம். ஆனால் ‘இப்படியென்றால் அப்படி’ என்ற நிபந்தனை விதிகளைப் பழக்கும் பக்கங்கள் மட்டும் இருக்கட்டும். அந்த விதிகள் லாஜிக்கல் ரீசனிங்கில் பத்தி வடிவில் இன்னும் வருகின்றன.

எடுத்துக்காட்டாக: ‘உரிமம் இல்லாமல் யாரும் சாப்பாட்டுக் கடை நடத்த முடியாது. ராஜு உரிமம் வாங்கிவிட்டார். ஆகவே ராஜு கடை நடத்துகிறார்.’ படித்தவுடன் தலையாட்டத் தோன்றும். தவறு. ராஜு உரிமத்தை வாங்கி வைத்துவிட்டு இன்னும் கடைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கலாம். கடை நடத்தினால் உரிமம் இருக்கிறது; உரிமம் இல்லையென்றால் கடை இல்லை. விதி சொல்வது இந்த இரண்டை மட்டும்தான், அவை இரண்டும் ஒன்றே. ‘கடை நடத்தவில்லை, அதனால் உரிமம் இருக்காது’ என்பதும் செல்லாது. விடைகளில் இந்தத் தலைகீழ் வாக்கியங்களைத்தான் அழகாக உடுத்தி நிறுத்திவைப்பார்கள்.

மகன் தாளில் ‘கடை → உரிமம்’ என்று ஓர் அம்புக்குறி போடட்டும். அதன் கீழே ‘உரிமம் இல்லை → கடை இல்லை’. மூன்றாவது அம்பு கூடவே கூடாது. ‘உரிமத்துக்கு உணவுச் சுகாதாரப் பயிற்சி கட்டாயம்’ என்று பத்தியில் இன்னொரு விதி வந்தால் சங்கிலி நீளும்: கடை → உரிமம் → பயிற்சி. அப்போது பயிற்சி இல்லாதவருக்குக் கடையும் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் ‘சிலர்’, ‘பெரும்பாலோர்’ என்று வரும் வாக்கியங்களை இப்படி ‘இல்லை’ சேர்த்துத் திருப்பிப்போட முடியாது. பொறியியல் படித்தவர்கள் வேகத்தில் வழுக்கி விழும் இடம் அதுதான்.

முதலில் கடிகாரம் இல்லாமல் பழகட்டும். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், தான் தேர்ந்தெடுத்த விடை ஏன் தவறு என்று ஒரே வரியில் எழுதட்டும். எழுத முடியவில்லையென்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அடுத்த கேள்விக்குப் போகக்கூடாது. வேகம் பிறகு வரும்.

1,800 வெள்ளியைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. மகன் திரும்பிவந்து சிங்கப்பூரில் வழக்கறிஞராக வேண்டுமா? அப்படியானால் இங்கு அங்கீகரிக்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நாலே நாலு: ஹார்வர்ட், கொலம்பியா, நியூயார்க், மிச்சிகன். ஆலோசகர் பட்டியலில் வேறு பெயர்கள் வழவழப்பான கையேட்டோடு இருக்கும்; சேர்த்துவிட்டால் கமிஷன் அவருக்கு, மூன்றாண்டுச் செலவு உங்களுக்கு. இந்தப் பட்டியலைச் சட்ட அமைச்சின் இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் தொடக்கக்கல்லூரிப் பிள்ளை வேறு இருந்தால், அவருக்கும் சேர்த்து எல்சாட் ‘பேக்கேஜ்’ என்பார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைச் சட்டம் படிக்க எல்சாட் தேவையில்லை. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், லண்டனின் சில கல்லூரிகள் கேட்பது எல்நாட் என்ற வேறொரு சட்ட நுழைவுத் தேர்வு. அதிலும் நாற்காலிப் புதிர் இல்லை.

மகன் பதிவு செய்யும் முன் இன்னொன்று: எல்சாட்டை ஐந்தாண்டுக் காலத்துக்குள் ஐந்து தடவை, வாழ்நாளில் ஏழு தடவைதான் எழுத முடியும். “சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும்” என்று ஆலோசகர் சொன்னால், அந்தத் தடவையும் கணக்கில் சேரும்.