கீமோவும் குழந்தையின் சிறுநீர்ப்பையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆறு வயது மகனுக்கு யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். ஐபோஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து ஏற்றும்போது மெஸ்னா என்று இன்னொரு மருந்தும் போடுகிறார்கள். கீமோ முடிந்த பிறகும் அது தொடர்கிறது. ராத்திரியிலும் எழுப்பிச் சிறுநீர் போகவைக்கச் சொல்கிறார்கள். அசந்து தூங்கும் பிள்ளையை எழுப்பித்தான் ஆகவேண்டுமா?

பதில்: எழுப்பத்தான் வேண்டும், அம்மா. ஐபோஸ்ஃபமைடு உடம்புக்குள் சிதையும்போது அக்ரோலின் என்ற நச்சுக் கழிவு உண்டாகிறது. அது சிறுநீரோடு இறங்கிச் சிறுநீர்ப்பையில் தேங்கும். தேங்குகிற நேரமெல்லாம் பையின் உள்தோலை அரிக்கும். அது புண்ணாகி ரத்தம் கசியும். சைக்ளோபாஸ்பமைடு என்ற இன்னொரு கீமோ மருந்தை அதிக அளவில் கொடுத்தாலும் இதே சிக்கல் வரும்.

மெஸ்னா அந்த அக்ரோலினைச் சிறுநீரிலேயே பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. ரத்தத்தில் அது பெரும்பாலும் செயலற்ற வடிவில்தான் ஓடுகிறது, சிறுநீரகத்தில்தான் மறுபடி வேலைசெய்யும் வடிவுக்கு வருகிறது. அதனால் கீமோவின் வீரியம் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் ஐபோஸ்ஃபமைடை விட மெஸ்னா வேகமாக வெளியேறிவிடும். ஒரே ஊசி போதாததற்குக் காரணம் இதுதான். பரவலான முறை இது: ஐபோஸ்ஃபமைடு அளவில் 20 சதவீதம் வீதம், கீமோ தொடங்கும்போதும், 4, 8 மணி நேரம் கழித்தும். உடல் பரப்பு 0.8 சதுர மீட்டர் உள்ள குழந்தைக்கு, சதுர மீட்டருக்கு 1.8 கிராம் கணக்கில் ஒரு நாளைக்கு 1,440 மி.கி. ஐபோஸ்ஃபமைடு என்றால், மெஸ்னா ஒவ்வொரு தடவையும் 288 மி.கி. சில இடங்களில் இதையே தொடர் டிரிப்பாக ஓடவிடுவார்கள்.

தவறு பெரும்பாலும் நடப்பது கடைசி டோஸில். கீமோ பாட்டில் காலியானதும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். பின்னேர டோஸை வாயால் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் அளவு இரட்டிப்பாக இருக்கும். வாய்வழி மருந்தில் பாதியளவே பயன்படுவதால் அப்படி. கந்தக நெடி அடிக்கும், ஜூஸில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடித்த 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த டோஸ் போனதாகவே கணக்கு. உடனே வார்டுக்குப் போன் செய்யுங்கள்.

மெஸ்னா மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். சதுர மீட்டருக்கு மணிக்கு 125 மி.லி. என்றால் இதே குழந்தைக்கு மணிக்கு 100 மி.லி. சலைன் ஓடும். பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் போகட்டும். அளவுக் குடுவையில் பிடித்து எழுதிவையுங்கள். ஏறுவதை விட வெளியேறுவது மிகவும் குறைந்தாலோ, முகம் வீங்கினாலோ நர்ஸிடம் சொல்லுங்கள். சிறுநீரைத் தொடும்போது கையுறை போடுங்கள். கீமோ முடிந்து 48 மணி நேரம் வரையாவது இது தேவை. சிறுநீர் ஸ்ட்ரிப் சோதனையில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) இருப்பதாகக் காட்டினால் பதற வேண்டாம், மெஸ்னாவே அப்படிக் காட்டவைக்கும்.

கேள்வி: மகளுக்கு டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தமா?

பதில்: அந்த மருந்தின் நிறமே சிவப்பு. ஓரிரு நாள் அப்படிப் போகும். எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி முட்டுவது, கட்டி கட்டியாகப் போவது, இரண்டு நாளுக்குப் பிறகும் நிறம் மாறாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தமா என்று பரிசோதிக்க வேண்டும். வலிக்கு ஐபுபுரூஃபன் கொடுக்காதீர்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ரத்தக்கசிவை அது அதிகமாக்கும்.

கேள்வி: எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்து ஒரு மாதம் கழித்துச் சிறுநீரில் ரத்தம். அப்போதே மெஸ்னா போட்டார்களே?

பதில்: இவ்வளவு தாமதமாக வந்தால் முதலில் சந்தேகிப்பது பிகே வைரஸை, சில சமயம் அடினோவைரஸ். நம்மில் பலருக்குச் சிறுவயதிலேயே உடம்பில் புகுந்து அடங்கிக் கிடக்கும் பிகே வைரஸ், எதிர்ப்புசக்தி இறங்கியதும் தலைதூக்குகிறது. மெஸ்னா அதைத் தடுக்காது. சலைன், வலி மருந்து, தேவைப்பட்டால் தட்டணு ஏற்றுதல் என்றுதான் சிகிச்சை தொடங்கும். ரத்தக்கட்டி அடைத்துவிட்டால் மூன்று வழிக் குழாய் வைத்துப் பையைத் தொடர்ந்து கழுவுவார்கள். முட்டிக்கொண்டு வந்தும் சிறுநீர் இறங்காமல் குழந்தை துடித்தால், காலை வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே கூட்டிப்போங்கள்.