பச்சோந்தியின் பிடி தளர்கிறதா? வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பச்சோந்தி வளர்ப்பவர்கள் எழுதியவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள். பிரச்சினை ஏறத்தாழ ஒன்றுதான்: எலும்பு. டொரண்டோவில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குக் குளிர்காலம் முடியும் தறுவாயில் வருகிற பச்சோந்திகளிலும் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். வருகிறவற்றில் பெரும்பாலானவை இரண்டு மாதம் முன்னதாக வந்திருக்க வேண்டியவை. அந்த இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: டொக்டருக்கு வணக்கம். மகனின்ரை பிறந்தநாளுக்கு யேமன் பச்சோந்தி ஒண்டு வாங்கிக் குடுத்தம். இப்ப அதுக்கு ஏழு மாசம். போன கிழமை தொட்டுக் கிளையில ஏறாமல் கூண்டின்ரை அடியிலேயே கிடக்குது. நடக்கேக்கை தன்ரை காலைத் தானே பிடிக்குது. நாக்கை நீட்டினாலும் பூச்சியில படுகுதில்லை. சளி பிடிச்சிருக்குமோ? (ஸ்காபரோ வாசகி)

அம்மா, முதலில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டு நாளைக்கே நேரம் வாங்குங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் ஒன்றாக வந்தால் அது சளியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கால்சியம் போதாமல் எலும்பு கரைகிற நோய் என்றே சந்தேகப்பட வேண்டும்.

ரத்தத்தில் கால்சியம் குறைவதை உடம்பு லேசில் அனுமதிக்காது. இதயம் துடிக்க, தசை சுருங்க, நரம்பு செய்தி அனுப்ப எல்லாவற்றுக்கும் அது வேண்டும். சாப்பாட்டில் வரவில்லை என்றால் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வரும்படி நின்ற வீட்டில் நகையை ஒவ்வொன்றாக அடகு வைத்துச் சமாளிப்பது போல. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியான அளவு என்று வந்தாலும் நான் நிம்மதி அடைவதில்லை, எக்ஸ்ரே கேட்பேன். எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறித் தெரிகிறது என்றால் அதற்குள் நிறையவே போய்விட்டது என்று பொருள். எலும்பு கரைந்த இடத்தில் நார்த் திசு நிரம்புவதால் கால் சில சமயம் மெலியாமல் தடித்துவிடும். "தொடை நல்லா சதை போட்டிருக்கு" என்று சந்தோஷமாகக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தடிப்பைப் பார்த்தாலே எனக்கு மனசு கனத்துவிடும்.

நோயை வீட்டிலேயே சீக்கிரம் கண்டுபிடிக்க நான் சொல்லிக்கொடுப்பது பிடியைத்தான். பச்சோந்தியின் கால் இடுக்கி போல அமைந்தது. முன்காலில் வெளிப்பக்கம் இரண்டு விரல், உட்பக்கம் மூன்று. பின்காலில் இது தலைகீழ். நல்ல பச்சோந்தி நம் விரலைப் பற்றினால் நகம் பதியும், ஒவ்வொரு காலாக விடுவிக்க நேரம் எடுக்கும். நோய் தொடங்கியதில் பாதம் கிளைமேல் வெறுமனே வைத்தபடி இருக்கும், அழுத்தமே இருக்காது. அடுத்த கிளைக்குக் காலை நீட்டி, தவறி, தன் காலையோ கூண்டின் வலையையோ பிடிக்கும். உங்கள் மகனின் பச்சோந்தி இந்தக் கட்டத்தில் இருக்கிறது. அடுத்ததாக உடம்பைத் தூக்கி நடக்க முடியாமல் முழங்கையால் ஊன்றும், முன்னங்கால் வில்லாக வளையும்.

இரண்டாவது, நாக்கு. அதைச் சுடுவதும் இழுப்பதும் தசையின் வேலை, தசைக்குக் கால்சியம் வேண்டும். உடம்பு நீளத்தைத் தாண்டிப் பாய வேண்டிய நாக்கு பாதி தூரத்திலேயே விழும். சில நேரம் திரும்ப உள்ளே போகாமல் தொங்கும். அப்படித் தொங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மூன்றாவது, முகம். நேர் எதிரே உட்கார்ந்து வாயைப் பாருங்கள். மேல் உதடும் கீழ் உதடும் ஒரே கோடாகச் சேர வேண்டும். கீழ்த்தாடை வெளியே வளைந்து இடைவெளி தெரிந்தாலும், தலைமேலுள்ள கொண்டை ஒரு பக்கம் சரிந்தாலும் எலும்பு இளகிவிட்டது. அழுத்திப் பார்க்கவே கூடாது, ஒடிந்துவிடும்.

மருத்துவரிடம் போகும்வரை: கிளைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்குங்கள். அடியில் துணி விரியுங்கள். கிளையைப் பிடித்திருக்கும்போது இழுத்து எடுக்காதீர்கள், உள்ளங்கையை முன்னால் நீட்டி அதுவாகவே ஏற விடுங்கள். போகிற வழியில் குளிர் படக் கூடாது. லைட்டையும் கால்சியப் பவுடரையும் அட்டைப்பெட்டியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்குப் பாதி விடை அதிலேயே கிடைக்கும். எடை பார்த்து, வாய்வழியாகவோ ஊசியாகவோ கால்சியம் கொடுப்பார்கள். உள்ளே எங்காவது எலும்பு முறிந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மூட்டுகள் மட்டும் வீங்கியிருந்தால் யூரிக் அமிலம் சேரும் கௌட் நோயாகவும் இருக்கலாம், அதையும் அங்கேதான் பிரித்தறிய முடியும்.

குணமாகுமா என்று மகன் கேட்பான். வளைந்த கால் மறுபடி நேராகாது. ஆனால் எலும்பு கெட்டிப்படும், பிடி திரும்பும். கோணல் காலோடு வருடக்கணக்கில் நன்றாக வாழ்கிற பச்சோந்திகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில மாதங்கள் பொறுமை வேண்டும்.

கேள்வி: எங்கள் கூண்டு தெற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் இருக்கிறது. தினமும் வெயில் விழுகிறது. அப்படியும் தனியாக யுவிபி லைட் தேவையா? கடையில் கொடுத்த சுருள் பல்பு ஒன்றும் இருக்கிறது. (மிசிசாகா வாசகர்)

தேவை, கட்டாயம் தேவை. தோலில் வைட்டமின் டி3 உருவாக வேண்டுமானால் யுவிபி கதிர், அதாவது புற ஊதாக் கதிரில் 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள பகுதி, தோலில் படவேண்டும். டி3 இல்லாமல் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், யுவிபியை ஏறத்தாழ முழுவதுமாகத் தடுத்துவிடும். கண்ணாடி வழியாக வந்த வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த பச்சோந்திக்கும் எலும்பு கரையும். டொரண்டோவின் டிசம்பர் வெயில் கண்ணாடி இல்லாமல் பட்டாலும் பயனில்லை என்பது வேறு விஷயம்.

சுருள் பல்பை நான் பரிந்துரைப்பதில்லை. சின்ன வட்டத்துக்குள் மட்டும் கதிர் விழும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. ஊர்வனவற்றுக்கென்றே வரும் டி5 (T5) எனப்படும் மெல்லிய டியூப்லைட் வாங்குங்கள், கூண்டின் அகலம் முழுக்கப் போகும் நீளத்தில். பின்னால் பளபளப்பான தகடு வைத்த ஃபிட்டிங் வேண்டும். கூண்டின் மேல்வலையே கதிரில் கணிசமான பங்கைக் குறைத்துவிடும் என்பதால் பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம். வெயில் காயும் கிளையில், பச்சோந்தியின் முதுகு வரும் உயரத்தில், கதிரின் வலுவைக் காட்டும் யுவி குறியீடு 3 அளவில் இருக்க வேண்டும். இதை அளக்கக் கைமீட்டர் கிடைக்கிறது. விலை அதிகம், அதனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுங்கள், அல்லது உங்கள் மருத்துவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் எரிந்து, இரவில் முழு இருட்டாக வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: டியூப் எரிந்துகொண்டிருப்பதால் யுவிபி வருகிறது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்க, கதிர் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்துவிடும். மாட்டிய தேதியை ஃபிட்டிங்கின் மேலேயே எழுதி ஒட்டி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கதிர் அதிகமானாலும் கெடுதல். அதற்கு இலை அடர்ந்த நிழல் இருந்தால் போதும், மீதியைப் பச்சோந்தியே பார்த்துக்கொள்ளும். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளை வைத்து 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. உணவில் டி3 குறைவாகப் பெற்றவை யுவி கதிருக்குத் தங்களை அதிகம் காட்டிக்கொண்டன, நிறையப் பெற்றவை குறைத்துக்கொண்டன. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்த உடம்புக்குத் தெரிகிறது. வெயிலும் நிழலும் இரண்டும் வைத்துக்கொடுக்க வேண்டியது நம் வேலை.

கேள்வி: சுவர்க்கோழியும் மீல்வோர்ம் புழுவும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். கால்சியம் பவுடர் தீர்ந்துவிட்டது. அம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரை வீட்டில் இருக்கிறது. பொடித்துத் தூவலாமா? (நியூஜெர்சி வாசகி)

வேண்டாம். அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் டி3 சேர்ந்திருக்கும், மனிதருக்கான அளவில். நூறு கிராம் சுற்றி எடையுள்ள உயிருக்கு அதைத் தினமும் தூவினால், டி3 மிதமிஞ்சிப் போய்ச் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் கால்சியம் படியும். எலும்பைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தை இழக்கக் கூடாது. டி3 கலக்காத, மாவு போல நைசான கால்சியம் கார்பனேட் பவுடர் ஊர்வனவற்றுக்கென்றே விற்கிறது. நல்ல யுவிபி லைட் இருக்கும் வீட்டில் அன்றாடத்துக்கு அதுதான். டி3-யும் மற்ற வைட்டமின்களும் சேர்ந்த பவுடர் மாதத்துக்கு இரண்டு முறை. வைட்டமின் ஏ-யையும் அள்ளிப் போடக் கூடாது, அளவு மிஞ்சினால் அது டி3-யின் வேலையைக் கெடுக்கும்.

பவுடர் எதற்கு என்றால், பெரும்பாலான பூச்சிகளில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ்தான் அதிகம். சாப்பாட்டில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வேண்டும். சுவர்க்கோழியில் இது தலைகீழ், கால்சியத்தைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ். மீல்வோர்ம் அதைவிட மோசம், அதை எப்போதாவது கொடுக்கும் தின்பண்டமாக வைத்துக்கொள்ளுங்கள். இயல்பாகவே கால்சியம் கூடுதலாக உள்ளது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. கடையில் கிடைத்தால் விடாதீர்கள்.

பூச்சியைச் சின்ன டப்பாவில் போட்டு, பவுடர் தூவி, குலுக்கி, உடனே கொடுக்க வேண்டும். காலையில் தூவிக் கூண்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால், சுவர்க்கோழி கால் மணி நேரத்தில் மீசை முதல் கால்வரை தன்னைத் துடைத்துக்கொண்டுவிடும். பிறகு பச்சோந்தி பிடித்துத் தின்பது வெறும் பூச்சி. நான் பார்க்கும் வீடுகளில் பவுடர் வாங்கியும் எலும்பு போவதற்கு இது ஒரு பெரிய காரணம். கிண்ணத்தில் வைத்தோ இடுக்கியால் பிடித்தோ கொடுங்கள், கண்ணெதிரே தின்னட்டும்.

பூச்சிக்கு என்ன போடுகிறீர்கள் என்பதையும் எழுதியிருக்கலாம். பூச்சியின் வயிற்றில் இருப்பதும் சேர்ந்துதானே பச்சோந்திக்குப் போகிறது. கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து கால்சியம் உள்ள இலையைப் பூச்சிக்குப் போடுங்கள். அங்கே காலர்ட் கீரை எளிதில் கிடைக்கும். நம் ஊர்க் கடையில் முருங்கைக் கீரை கிடைத்தால் அருமை, காயவைத்துப் பொடித்த முருங்கை இலையும் நன்றாக வேலை செய்யும். பசலை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

லைட் இருந்தால் பவுடர் வேண்டாமா, பவுடர் இருந்தால் லைட் வேண்டாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். யேமன் பச்சோந்திக் குஞ்சுகளை வெவ்வேறு விதமாக வளர்த்துப் பார்த்த சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. இரண்டும் இல்லாத குஞ்சுகளுக்கு எலும்பு நோய் வந்தது. வளரும் குஞ்சுக்குக் கால்சியம், வைட்டமின் ஏ, டி3 சேர்ந்த உணவும் யுவிபியும் ஒன்றாக வேண்டும் என்றுதான் அவர்கள் பரிந்துரைத்தார்கள். நானும் அதையே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் பச்சோந்தி ஆணையே பார்த்ததில்லை. வயிறு உப்பியிருக்கிறது. முட்டையாக இருக்குமா? எலும்பு பலவீனமாகும் என்கிறார்களே? (லண்டன் வாசகர்)

யேமன் இனம் என்றால் முட்டையாகவே இருக்கலாம். ஆண் இல்லாமலே இடும், பொரிக்காது. ஒரே ஈட்டில் ஐம்பது, அறுபது முட்டைகூட இடும். அவ்வளவுக்கும் வேண்டிய கால்சியம் சாப்பாட்டில் வராவிட்டால் அதன் எலும்பிலிருந்துதான் போகும். கால்சியம் போதாவிட்டால் முட்டையை வெளியே தள்ளத் தசைக்கு வலு இருக்காது, உள்ளே தங்கினால் உயிருக்கே ஆபத்து. இப்போதே ஈர மணல் நிறைத்த ஆழமான தொட்டி ஒன்றைக் கூண்டில் வையுங்கள். குழி தோண்டும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடும். கண் மூடிப் படுத்தாலும், தோண்டித் தோண்டி முட்டையிடாமல் ஓய்ந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வளர்ந்த பெண்ணுக்குச் சாப்பாட்டையும் வெயில் காயும் இடத்தின் சூட்டையும் மிதமாக வைத்தால் அடுத்த ஈட்டில் முட்டை குறையும். இளம் பெண்ணுக்குத் தட்டு நிறையப் பூச்சி போடுவது அன்பு என்று பலர் நினைக்கிறார்கள், அதை நான் எப்போதும் தடுக்கிறேன்.

கேள்வி: எங்கள் வேலியில் பச்சோந்தி ஒன்று அடிக்கடி வருகிறது. பையன் வளர்க்கலாம் என்கிறான். நீங்கள் சொல்லும் லைட், பவுடர் எல்லாம் இங்கே எங்கே கிடைக்கும்? (திருச்சி அருகிலிருந்து ஒரு வாசகி)

வாங்க வேண்டாம் அம்மா. நம் ஊர்ப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அதற்கு வேண்டிய யுவிபியும் விதவிதமான பூச்சியும் உங்கள் வேலியிலேயே இருக்கின்றன. பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் போதும். பையனிடம் ஒரு நோட்டுக் கொடுத்து அது எந்த மரத்தில், எந்த நேரத்தில் வெயில் காய்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே பிடித்திருந்தால் இன்றைக்கே அதே வேலியில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.